உடைய மறுத்த ரத்தம்

அத்தியாயம் பதினொன்று

சின்னவனின் ரத்தம் இன்றைக்கும் உடையவில்லை.

பெரியவள் சோதனைக் குழாய்களை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஆய்வுக்கு ரத்தம் கொடுத்த மற்றவர்களுடையது உப்புக் குறைந்த தண்ணீரில் விழுந்ததும் வெடித்துக் கரைந்து, மாதுளைச் சாறு மாதிரி தெளிந்த சிவப்பாக நின்றது. தம்பியின் குழாய் மட்டும் மழைக்காலத்து வாய்க்கால் போலக் கலங்கிக் கிடந்தது.

கலங்கல் என்றால் ரத்த அணுக்கள் இன்னும் முழுசாக இருக்கின்றன என்று பொருள். மருந்து சேர்த்த குழாய் அப்படி இருந்தால் அதில் ஆச்சரியமில்லை. இது மருந்தே சேர்க்காத குழாய்.

போன வாரம் இதே கலங்கலைப் பார்த்து, லேபிளை மாற்றி ஒட்டிவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனவள் அவள். வாசலில் சின்னவன் நின்றிருந்தான். தன் மனைவிக்கு, அந்த வீட்டு மருமகளுக்கு, மூன்றாவது மாதம் என்றான். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து வந்த செய்தி. வீடே தலைகீழானதில் குழாய் விஷயம் அவளுக்கு மறந்தே போய்விட்டது. இன்று காலை அவனிடம் புதிதாக ரத்தம் எடுத்து, தானே லேபிள் ஒட்டி, தானே அளந்து ஊற்றியும் மறுபடி அதே கலங்கல்.

எதிர் மேஜைக்காரர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். பத்து வருஷமாக அவளுக்கு எதிரே உட்கார்ந்து, அவளுடைய முடிவுகளில் ஓட்டை கண்டுபிடிப்பதையே உபதொழிலாக வைத்திருப்பவர்.

"மாப்பிள்ளை வராமலே வீடு விரிஞ்சிருக்கே" என்றார்.

இது அந்த ஆய்வுக்கூடத்தின் தனி பாஷை. அங்கே அவர்கள் ஆராய்வது பீட்டா பிளாக்கர் மருந்துகளை. படபடக்கும் இதயத்தை நிதானப்படுத்தக் கொடுக்கிற மாத்திரைகள். அந்த வகை மருந்துகள் எல்லாம் இதயத்தில் அடைப்பது ஒரே பூட்டைத்தான். ஆனால் பூட்டுக்குப் போகிற வழியில் அணுவின் தோலை அவை என்ன செய்கின்றன என்பதில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. பெரியவளின் கேள்வி அந்தத் தோலைப் பற்றியது.

அணுவின் தோல் கொழுப்பால் ஆனது. ப்ரொப்ரனலால் என்கிற மருந்து எண்ணெயோடு உறவாடும் ரகம். கொழுப்பைக் கண்டால் உள்ளே புகுந்து நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளும். அட்டெனலால் தண்ணீரோடு உறவாடும் ரகம். தோலுக்குள் நுழைய அதற்கு மனசில்லை. ஆய்வுக்கூடத்தில் முதலாவதற்குப் பெயர் வீட்டோட மாப்பிள்ளை. இரண்டாவதற்குத் தபால்காரர்.

வீட்டோட மாப்பிள்ளை அளவாக வந்தால் தோல் சற்று விரிந்து கொடுக்கும். தண்ணீர் உள்ளே புகுந்தாலும் அணு சட்டென்று வெடிக்காது. அளவுக்கு மீறி வந்தால் அவரே சுவரை இடித்துவிடுவார். தபால்காரர் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். இதை அளக்கத்தான் இத்தனை குழாய்கள்.

"யாரும் வராம வீடு விரியாது" என்றார் எதிர் மேஜைக்காரர். "உங்க தம்பி ஏற்கனவே மாத்திரை போடறாரோ என்னவோ."

"தலைவலி மாத்திரைகூடத் தொடமாட்டேன்னு மார்தட்டிட்டுத்தான் ரத்தம் குடுத்தான்."

"மார்தட்டறவங்கதான் போடுவாங்க."

"போட்டாலும் ஒத்து வராதே. மாத்திரை போட்டவங்க ரத்தத்துல இருக்கற மருந்து, நாம குழாயில ஊத்தறதுல ஆயிரத்துல ஒரு பங்குகூடத் தேறாது. போதாததுக்கு அணுவை மூணு தடவை வேற கழுவறோம்."

"அது ஒண்ணு ரெண்டு போட்டா. கை கையா அள்ளிப் போட்டா?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். பெரியவளுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. இதயத்தில் ஏதோ கோளாறு, மனைவி மாசமாக இருக்கிறாள், சொன்னால் பயந்துவிடுவாள் என்று மறைக்கிறானா? அவன் மறைக்கக் கூடியவன்தான். சின்ன வயதில் கையை முறித்துக்கொண்டு வந்து, சாப்பாட்டுத் தட்டு கையிலிருந்து நழுவி விழும் வரைக்கும் சொல்லாதவன்.

கையுறையைக் கழற்றிவிட்டுப் பையை எடுத்தாள்.

சின்னவன் ஏலம் விடுகிறவன். மூடிப்போன கடைகள், காலியான அலுவலகங்கள், வாரிசில்லாத வீடுகள் என்று எதன் சாமானும் கடைசியில் அவன் மண்டபத்துக்குத்தான் வரும். அன்றைக்கு ஒரு பல் மருத்துவமனை வந்திருந்தது. காத்திருப்போர் பெஞ்சுகள், எடை பார்க்கும் கருவி, பொய்ப்பல் மாதிரிகள் நிறைந்த கண்ணாடி அலமாரி.

அவன் மேடையில் நின்றான். கையில் சின்ன மரச் சுத்தியல்.

"பல் டாக்டர் நாற்காலி. மேல போகும், கீழ போகும், பின்னாடி சாயும். இதுல உக்காந்து யாரும் சிரிச்சதில்லைங்கறது ஒண்ணுதான் குறை. முடிதிருத்தக் கடை வெச்சிருக்கறவங்க யோசிங்க. எவ்வளவு சொல்றீங்க?"

கூட்டம் சிரித்தது. கைகள் உயர்ந்தன. விலை ஏறி, தயங்கி, நின்றது.

"ஒரு தரம். ரெண்டு தரம்." அவன் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். "மூணு தரம்."

சுத்தியல் ஒரே தட்டில் இறங்கியது. கை கல் மாதிரி இருந்தது.

பின் வரிசையில் நின்ற பெரியவளுக்கு அந்தக் கைதான் உறுத்தியது. பள்ளிக்கூட மேடையில் நான்கு வரி ஒப்பிக்கப் போய், கால் நடுங்கித் திரைச்சீலையைப் பிடித்து இழுத்துத் திரையோடு கீழே வந்தவன் இவன். இந்த வேலைக்கு வந்த புதிதில்கூடச் சுத்தியலை இரண்டு கையாலும் பிடிப்பான்.

இடைவேளையில் அவனைப் பெஞ்சுகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னக்கா, திடீர்னு? பொய்ப்பல் எதாவது பாத்து வெச்சிருக்கியா?"

"கையைக் குடு."

"ஜோசியமா?"

அவன் மணிக்கட்டில் விரலை வைத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அரை மணி நேரம் தொண்டை கிழியக் கத்தியவனின் நாடி, மத்தியானம் தூங்கி எழுந்தவனின் நாடி மாதிரி போய்க்கொண்டிருந்தது.

"என்ன மாத்திரை போடறே?"

"மாத்திரையா? நானா?"

"ஆமா, நீதான். இந்தப் பெஞ்சையா கேக்கறேன்?"

அவன் இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு கோட்டின் உள்பையில் கையை விட்டு ஒரு அட்டையை எடுத்து நீட்டினான். பெரியவள் பெயரைப் படித்தாள். ப்ரொப்ரனலால்.

"வீட்டோட மாப்பிள்ளை" என்றாள் தன்னையறியாமல்.

"யாரு?"

"அது கிடக்கட்டும். நெஞ்சு வலிக்குதா உனக்கு? எவ்வளவு நாளா? எந்த டாக்டர்?"

"டாக்டர்லாம் இல்லக்கா. கணக்குப் பிரிவுல ஒருத்தர் இருக்கார். அவருக்கு ஒத்தைத் தலைவலிக்கு எழுதிக் குடுத்தது. கை நடுக்கம் நிக்கும்னு எனக்கு ஒரு அட்டை குடுத்தார். நின்னுடுச்சு."

"கை நடுங்கினா நடுங்கிட்டுப் போகட்டுமே."

"நீ ஈஸியா சொல்லிடுவே. கை நடுங்கினா சுத்தியல் அதுவா அடிச்சுடுது. போன மாசம் ஒரு மீன் தொட்டியை யாருமே கேக்காத விலைக்கு வித்துட்டேன். வாங்கினவரே அவர்தான் வாங்கினார்னு தெரியாம முழிச்சார்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"பெரிய ஏலம் இருந்தா மட்டும். அரை மாத்திரை."

"அரைதானா? உண்மையைச் சொல்லு."

"அக்கா, அந்த அட்டையை எண்ணிப் பாரு. என்னை நம்ப வேணாம்."

"போன வாரமும் இன்னிக்குக் காலைலயும் எனக்கு ரத்தம் குடுத்தியே, அப்ப?"

அவன் கொஞ்சம் கூசினான். "ரெண்டு தடவையும் அரை போட்டேன். ஊசின்னா எனக்குப் பயம்னு உனக்குத் தெரியாதா?"

பெரியவள் பெஞ்சில் உட்கார்ந்து, குழாயில் அவன் ரத்தம் மட்டும் உடையாமல் நிற்கிற கதையைச் சொன்னாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் திட்டுவதற்காகக் காத்திருந்தான். அவள் திட்டத்தான் செய்தாள். சின்ன வயதில் உனக்கு இழுப்பு வந்தது மறந்துபோச்சா, இது மூச்சுக் குழாயை இறுக்கிவிடும், அடுத்தவன் மாத்திரையை மிட்டாய் மாதிரி வாங்கிப் போடுகிற புத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்டு, அட்டையைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். நடுக்கத்துக்கு முறையாக ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று வாக்குறுதியும் வாங்கிக்கொண்டாள்.

"கனவு வருதா?" என்றாள் திடீரென்று.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சொல்லு."

"கலர் கலரா வருதுக்கா. நேத்து ஒட்டகத்தை ஏலம் விட்டேன். ஒட்டகமே விலை கேக்குது."

"மூளையைச் சுத்தி ஒரு கொழுப்புச் சுவர் இருக்கு. இந்த மாத்திரை எண்ணெய்ப் பசை. சுவரைத் தாண்டி நேரா உள்ள போய் உக்காந்துக்கும். தண்ணி ரகம்னா அவ்வளவா உள்ள போகாது. அதான் உனக்கு ஒட்டகம்."

"அப்ப உன் பிரச்சினை தீந்துடுச்சு. என் ரத்தத்துல மாத்திரை இருந்தது. அதான் உடையலை."

"இல்லடா. அரை மாத்திரை ஒண்ணுமே பண்ணாது. சமுத்திரத்துல ஒரு ஸ்பூன் சர்க்கரை."

சின்னவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"குத்தத்தை ஒத்துக்கிட்ட பிறகும் கேஸ் முடியலையா?"

"உன் ரத்தத்துல வேற என்னவோ இருக்கு."

"பயமுறுத்தாதேக்கா. குழந்தை வர நேரம்."

"அதனாலதான் விடாம கேக்கறேன். உனக்கு எப்பவாவது ரத்தம் கம்மின்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"

"எப்பவுமே சொல்றதுதானே. ஸ்கூல்ல சொன்னாங்க. அம்மா பேரீச்சம்பழமா குடுத்துத் தள்ளினா. அப்பவும் கம்மி. இந்த வேலைக்குச் சேரும்போது பாத்தாங்க, அப்பவும் கம்மி. நான் பாட்டுக்கு நல்லாத்தானே இருக்கேன்?"

மேடையிலிருந்து மணி அடித்தது. அவன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். போகும்போது திரும்பி, "எடை மெஷின் உனக்கு வேணும்னா கையைத் தூக்கு, மலிவா முடிச்சு விடறேன்" என்றான்.

பஸ்ஸில் பெரியவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள். பேரீச்சம்பழம் தின்றும் ஏறாத ரத்தம். அப்பவும் கம்மி, இப்பவும் கம்மி. ஆள் நன்றாக இருக்கிறான்.

இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தத்தில்தான் அவளுக்கு உறைத்தது. தம்பியின் ரத்தத்தை அவள் உடைத்துப் பார்த்திருக்கிறாள், கழுவியிருக்கிறாள், சுழற்றியிருக்கிறாள், மருந்தில் ஊற வைத்திருக்கிறாள். ஒரு தடவைகூட அந்த அணுக்களின் முகத்தைப் பார்த்ததில்லை. அவள் மட்டுமில்லை, அந்தக் கூடத்தில் யாரும் பார்ப்பதில்லை. தோலைப் பற்றி ஆராய்கிறவர்களுக்கு ரத்தம் என்பது குழாயில் தெரியும் ஒரு நிறம். எவ்வளவு சிவப்பு என்று கருவி எண் சொல்லும். எண்ணை எழுதிக்கொண்டு அடுத்த குழாய்க்குப் போய்விடுவார்கள்.

கூடத்து நுண்ணோக்கியின் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. துண்டின் மேல் யாரோ டீ கப்பை வைத்திருந்தார்கள்.

முதலில் தன்னுடைய ரத்தத்தை ஒரு கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்த்தாள். அணுக்கள் வட்டம் வட்டமாக, ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. பிறகு தம்பியுடையது. நுண்ணோக்கியின் திருகை இரண்டு தரம் சரிசெய்தாள். சரிசெய்ய எதுவும் இல்லை. அணுக்களே அப்படித்தான் இருந்தன. சின்னச் சின்னதாக, வெளிறி, ஒன்று போல் ஒன்று இல்லாமல். சிலவற்றின் நடுவில் ஒரு பொட்டு, குறி பார்த்துச் சுடும் பலகையில் இருப்பது போல.

"இங்க வாங்க" என்றாள்.

எதிர் மேஜைக்காரர் குனிந்து பார்த்தார். வழக்கமாக உடனே ஓட்டை சொல்லிவிடுகிறவர் இந்தத் தடவை திருகைத் தானும் ஒரு முறை திருப்பிப் பார்த்தார்.

"தோல் விரியலை" என்றாள் பெரியவள். "தோல் அதே தோல்தான். உள்ளே சரக்கு கம்மி. பெரிய கோணிப்பையில பாதிதான் அரிசி. இன்னும் எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் தாங்கும். அதான் வெடிக்கலை. நான் மருந்தைத் தேடிட்டு இருந்தேன்."

"தலசீமியா" என்றார் அவர் மெதுவாக. "நோயாளி இல்லை. நோயைச் சுமக்கறவர்."

அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ரத்தத்துக்குச் சிவப்பு கொடுக்கும் சரக்கைச் செய்கிற கட்டளை நமக்கு இரண்டு பிரதிகளாக வருகிறது, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதியில் மட்டும் பிழை இருந்தால் ஆள் தன் பாட்டுக்கு வாழ்ந்து முடித்துவிடுவார். கொஞ்சம் ரத்தம் கம்மி, அவ்வளவுதான். சின்னவன் அப்படிப்பட்டவன். அவனுக்கு ஒன்றும் ஆகாது.

ஆனால் அவன் மனைவிக்கும் ஒரு பிரதியில் அதே மாதிரிப் பிழை இருந்தால்?

அப்போது வயிற்றில் இருப்பதற்கு இரண்டு பிரதியும் பிழையாகப் போய்ச் சேர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அந்தக் குழந்தைக்குப் பிறந்த சில மாதங்களிலிருந்தே ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். சில வாரங்களுக்கு ஒரு முறை, வாழ்நாள் முழுக்க.

பெரியவள் பக்கத்து மருத்துவமனையின் ரத்த நோய் மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தாள். அந்த அம்மா அவள் சொல்வதை முழுக்கக் கேட்டார்.

"நாளைக்குக் காலைல ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க. மூணாவது மாசம்தானே, நேரம் இருக்கு. உங்களுக்குப் பொறுக்கலைன்னா அந்த உப்புத் தண்ணிக் குழாய்லயே தம்பி மனைவி ரத்தத்தையும் ஒரு சொட்டுப் போட்டுப் பாருங்க. குழாய் தெளிஞ்சா அநேகமா கவலை இல்லை. தெளியலைன்னா அதை வெச்சு எதுவும் முடிவு பண்ணாதீங்க. கலங்கறதுக்கு வேற காரணமும் உண்டு."

மருமகள் வேலை பார்ப்பது ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில். கண் பார்வையைச் சோதித்து எந்த லென்ஸ் என்று சொல்வது அவள் வேலை. பெரியவள் குளிர்ப்பெட்டியோடு உள்ளே நுழைந்தபோது, கடைசி வாடிக்கையாளர் ஒருவர் ஒளிப் பலகையைப் பார்த்து உருப்போட்டதை ஒப்பிப்பது போல் எழுத்துகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார், யூகம் வேணாம்" என்றாள் மருமகள். "இங்க பாஸ், ஃபெயில் கிடையாது. தெரியறதை மட்டும் சொல்லுங்க."

"கீழ் வரி தெரியலை."

"அவ்வளவுதான். இதைத்தான் கேட்டேன்."

அவர் போனதும் அவள் கதவில் பலகையைத் திருப்பி மாட்டினாள். மூலையில் சின்னவன், விற்பனைக்கு இருந்த குளிர்கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வாங்க அண்ணி. மாத்திரைக் கதையை வந்ததுமே சொல்லிட்டார். ஒட்டகத்தை மட்டும் மூணு தடவை சொன்னார்."

"திட்டினியா?"

"நீங்க பாக்கி வெச்சதை முடிச்சேன்." பெட்டியைப் பார்த்தாள். "அது இல்லாம வேற என்னவோ இருக்குன்னு சொன்னீங்களாமே."

பெரியவள் சொன்னாள். சுற்றி வளைக்காமல், கோணிப்பையில் ஆரம்பித்து நாலில் ஒரு பங்கு வரைக்கும் சொன்னாள். மருமகள் கையில் இருந்த துடைக்கும் துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். மடிக்க இடமில்லாமல் போன பிறகும் மடித்தாள். சின்னவன் குளிர்கண்ணாடியைக் கழற்றி அதன் இடத்தில் வைத்தான்.

"என்னாலயா?" என்றான்.

"உன்னாலன்னு எதுவும் இல்லை. உனக்கு வந்தது உனக்குத் தெரியாம வந்தது."

"யார் வழி? அம்மாவா, அப்பாவா?"

"அம்மாவைக் கேட்டா உங்கப்பா வீட்டு ரத்தம்னு சொல்லுவா. அப்பாவைக் கேட்டா காது கேக்காத மாதிரி இருந்துடுவார்."

மருமகள் சிரிக்கவில்லை. துணியை மேஜையில் வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"எந்த விரல் அண்ணி?"

ஒரு சொட்டு போதுமாக இருந்தது. பெரியவள் மூன்று குழாய்களைத் தாங்கியில் நிறுத்தியிருந்தாள். ஒன்றில் தன் ரத்தம், ஒன்றில் தம்பியுடையது, மூன்றாவதில் இப்போது விழுந்தது. மூன்றிலும் ஒரே உப்புத் தண்ணீர். இனி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

"இதுல நீங்க ஆராயற மருந்து எதுவும் இல்லையா?" என்று கேட்டாள் மருமகள்.

"இல்லை. வெறும் தண்ணி, உப்பு."

"மருந்து போட்டாத்தான் உடையாம இருக்கும். இவருக்கு மருந்து போடாமலே உடையலை. அதான் உங்களுக்குச் சந்தேகம் வந்தது. சரியா?"

"சரி."

"அந்த மருந்தை நீங்க ஆராயலைன்னா, இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"பிறந்த பிறகு தெரிஞ்சிருக்கும்."

மருமகள் தலையை ஆட்டினாள். பக்கத்துக் கடையில் ஷட்டரை இழுக்கும் சத்தம் கேட்டது. சின்னவன் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டு, தான் குடிக்க மறந்து நின்றான்.

நேரம் ஆனதும் பெரியவள் ஒரு வெள்ளைத் தாளில் பேனாவால் கறுப்புக் கோடுகள் போட்டாள்.

"குழாய்க்குப் பின்னால இதைப் பிடிக்கணும். அணு உடைஞ்சிருந்தா தண்ணி தெளிவா இருக்கும், கோடு தெரியும். உடையலைன்னா கலங்கல் மறைச்சுடும்."

"குடுங்க. இது என் வேலை."

மருமகள் தாளை ஒளிப் பலகையில் எழுத்துகளின் மேலேயே செருகினாள். அறை விளக்கை அணைத்தாள். வாடிக்கையாளர்களின் முன்னால் நின்று அவள் கேட்கிற கேள்வியை இப்போது தனக்குத் தானே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

பெரியவளின் குழாயை முதலில் பிடித்தாள். "கோடு தெரியுது. எல்லாக் கோடும் தெரியுது."

சின்னவனுடையது. "தெரியலை."

மூன்றாவதை எடுத்தாள். வெளிச்சத்தைக் கூட்டினாள். குழாயைச் சற்று முன்னால் கொண்டுவந்தாள், பின்னால் கொண்டுபோனாள். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள்.

"லேசாத் தெரியுதோ?" என்றான் சின்னவன் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து. "ஓரத்துல ஒண்ணு தெரியற மாதிரி—"

"யூகம் வேணாம்" என்றாள் அவள். குரல் மாறவில்லை. "தெரியலை."

குழாயைப் பத்திரமாகத் தாங்கியில் திருப்பி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். சோதனைக்கு வருகிறவர்கள் உட்காரும் நாற்காலி அது. அறைக்குள் ஒளிப் பலகை மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

பெரியவள் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"கேளு. இது முடிவு இல்லை. டாக்டரும் அதைத்தான் சொன்னாங்க. கோணிப்பைல அரிசி கம்மியா இருக்கறதுக்கு வேற காரணமும் உண்டு. இரும்புச் சத்து இல்லைன்னாலும் அணு இப்படித்தான் சின்னதாப் போய்டும், இப்படித்தான் உடையாம நிக்கும். உனக்குப் பரிசோதனையில ரத்தம் கொஞ்சம் கம்மின்னு சொல்லி இரும்பு மாத்திரை குடுத்தாங்க இல்ல?"

"குடுத்தாங்க."

"ஒழுங்கா போடறியா?"

மருமகள் மேஜைப் பக்கம் பார்த்தாள்.

"நான்தான் தினம் ஞாபகப்படுத்தறேனே" என்றான் சின்னவன். "காலைல கடைக்குப் போய்ப் போட்டுக்கறேன்னு எடுத்துட்டு வந்துடுவா."

மருமகள் எழுந்தாள். மேஜையின் அடி இழுப்பறையைத் திறந்தாள். உடைந்த சட்டங்கள், திருகாணிகள், துடைக்கும் துணிகள். அவற்றுக்கு அடியிலிருந்து மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் அடுக்கினாள். ஒன்றில்கூட ஒரு குழிகூட உடைபடவில்லை.

"வாடை பிடிக்கலை அண்ணி. வாயில வெச்சாலே பழைய ஆணியை நக்கின மாதிரி இருக்கு. அப்படியே வாந்தி வந்துடும். சொன்னா நீங்கள்லாம் திட்டுவீங்கன்னு..."

சின்னவன் வாயைத் திறந்தான். மாத்திரை விஷயத்தில் பேச இன்றைக்குத் தனக்கு யோக்கியதை இல்லை என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டான்.

பெரியவள் அட்டைகளைப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"இந்தக் குடும்பத்துல ஒருத்தன் போடக் கூடாத மாத்திரையை ஒளிச்சுப் போடறான். ஒருத்தி போட வேண்டியதை ஒளிச்சு வெச்சுட்டுப் போடாம இருக்கா. நான் என்னன்னா ரத்தத்துல மருந்தைத் தேடிட்டிருக்கேன்."

"அப்ப ஒண்ணும் இல்லையா?" மருமகள் குரல் முதல் தடவையாக உடைந்தது.

"அப்படி நான் சொல்ல முடியாது. இரும்பு கம்மியா இருக்கலாம். நீயும் சுமக்கறவளா இருக்கலாம். ரெண்டும் சேந்தும் இருக்கலாம். இந்தக் குழாய்க்கு வித்தியாசம் தெரியாது. நாளைக்கு ரெண்டையும் தனித்தனியாப் பாப்பாங்க."

மருமகள் ஒரு அட்டையை எடுத்து மாத்திரையை அழுத்தப் போனாள்.

"இப்ப வேணாம். நாளைக்கு ரத்தம் எடுத்து முடிக்கற வரைக்கும் உள்ளது உள்ளபடியே இருக்கட்டும்."

"வாழ்க்கைலயே முதல் தடவையா" என்றான் சின்னவன், "நீ மாத்திரை போடாம இருந்ததுக்கு நான் சாமியைக் கும்பிட்டுக்கறேன்."

அவன் மேஜையில் கை ஊன்றி நின்றான். காலையில் போட்ட அரை மாத்திரை எப்போதோ கரைந்து போயிருக்க வேண்டும். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அடுக்கிய அட்டைகள் அந்த நடுக்கத்தில் மெல்லச் சலசலத்தன. மருமகள் அந்தக் கையைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவளைப் பெண் கேட்டு வந்த அன்று, காப்பி டம்ளரைப் பிடிக்க முடியாமல் நடுங்கிய அதே கை. அதன் மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். சலசலப்பு நின்றது.

"ஏலம் விடுங்க" என்றாள். "பழைய ஆணி வாடை அடிக்கற இரும்பு மாத்திரை. ஒண்ணுகூடத் தொடாதது."

"எதுக்கு?"

"சும்மா விடுங்க. இந்தக் குழாய்களையே பாத்துட்டிருக்க முடியலை."

அவன் தொண்டையைச் செருமினான். "ஒரு தரம்" என்றான். மண்டபத்தில் கேட்கிற குரல் இல்லை அது. "ரெண்டு தரம்."

அதற்கு மேல் அவனுக்குச் சொல்ல வரவில்லை. பெரியவள் மூன்று குழாய்களையும் பெட்டிக்குள் வைத்து மூடினாள். மருமகள் ஒளிப் பலகையில் செருகியிருந்த தாளை உருவினாள். கோடுகள் போனதும் பின்னாலிருந்த எழுத்துகள் மறுபடி பளிச்சென்று எரிந்தன, கடைசி வரி வரைக்கும்.

"மூணாவதை நாளைக்கு அந்த டாக்டரம்மா சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் பலகையின் விளக்கையும் அணைத்தாள்.